அக்காவைப் பெற்றவள்

திட்டைத் தீவின் அரசவையில் கட்டியம் சொல்வது என் வேலையாக இருந்தது. ராஜா உள்ளே நுழையும்போது அவருடைய பட்டங்களை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் பராக் என்று முடிக்க வேண்டும். மொத்தம் பதினேழு பட்டங்கள். நடுவில் மூச்சு வாங்கினால், மிச்சமுள்ள பட்டங்கள் அன்றைக்குச் செல்லாது. ஒரு மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்துக்கொண்டதால், ராஜா மூன்று நாள் வெறும் ஒன்பது பட்டத்தோடு ஆண்டார். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

தீவு தூத்துக்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. கடல் ஏறி வந்த காலத்தில், கரையில் இருந்தவர்கள், 'யார் சுவர் கட்டுகிறார்களோ அவர்களே ஆண்டுகொள்ளட்டும்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். சுவர் கட்டியவர் ஓர் உப்பளக்காரர். நான்கு தலைமுறைக்குள் அவருடைய வம்சம் சூரியனிலிருந்து இறங்கியதாகிவிட்டது. அதை நிரூபிக்கவும் புலவர்கள் கிடைத்தார்கள்.

அந்தச் சுவரில் ஒரே ஒரு கதவு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து அதைத் திறந்து, தீவுக்குள் ஊறிய தண்ணீரை வெளியே விட்டு, கடல் திரும்புவதற்குள் மூட வேண்டும். இரண்டு தடவை தவறினால் பதினோராயிரம் பேர் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். கதவு ராஜாவின் உள்ளங்கைக்கு மட்டும்தான் திறக்கும். ராஜா யார் என்று அதற்குச் சொல்வது பட்டோலை.

பட்டோலை ஓர் இயந்திரம். சட்டத்தைப் படிக்கும், வம்சத்தைப் படிக்கும், அடுத்தவர் இன்னார் என்று சொல்லும். அது சொன்னதை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதனால்தான் எங்கள் அரண்மனையில் அண்ணன் தம்பி வெட்டுக்குத்து நடந்ததில்லை. வெட்டினாலும் பட்டோலை ஒத்துக்கொள்ளாது.

இப்போது உலகநாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ராஜாவின் காலத்திலேயே ராஜவம்சத்தில் கரு உண்டாவது கண்ணாடிக் குப்பியில்தான். ராணிக்கும் ராஜாவுக்கும் மூன்று கருக்கள் உண்டாக்கி, அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்போது மூத்த மகனுக்குத்தான் பட்டம். 'ஆண் கருவை வையுங்கள்' என்று ராஜா சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வேலையில் இருந்தவர் திருமேனிநாதன் என்ற இளம் டாக்டர். அவர் பெட்டியைத் திறந்தார், 'ஆ' என்று எழுதியிருப்பதைப் பார்த்தார், ஆண் என்று படித்துக்கொண்டார். பத்து மாதம் கழித்து உலகநாச்சி பிறந்தாள். டாக்டர் அடுத்த படகில் கரைக்கு அனுப்பப்பட்டார்.

ஆண் கரு 'இ'. அதை மூன்று வருஷம் கழித்து வைத்தார்கள். அது ரணகேசரி. 'அ' பெண் என்பதால் அப்படியே பெட்டியில் கிடந்தது. ராணி அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

ரணகேசரி தங்கமான பிள்ளை. பட்டத்து இளவரசர் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் அவர் காத்தாடியைத்தான் நினைத்துக்கொண்டார். நாள் முழுக்கச் சுவர்மேல் நின்று விட்டுக்கொண்டிருப்பார். சுவருக்குக் கீழே, சேற்றில், தலைக்கவசத்தோடு அவருடைய அக்கா. உலகநாச்சிதான் சுவரின் பொறியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுவரைக் கட்டினவள் சுவரையே கட்டிக்கொண்டாள் என்று மீன் சந்தையில் பேசுவார்கள். அவள் காதுபடவும் பேசுவார்கள்.

சட்டத்தை மாற்ற வைத்தவள் அவள்தான். ஆறு வருஷம் விடாமல் கேட்டாள். கடைசியில் ராஜா, அவள் கேட்பதை நிறுத்தினால் போதும் என்ற நிலைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். 'மூத்த மகன்' என்று இருந்த இடமெல்லாம் 'மூத்த பிள்ளை' ஆனது.

அத்தோடு விட்டதா. பட்டங்களை என்ன செய்வது என்று ஒரு குழு போட்டார்கள். கட்டியக்காரன் என்ற முறையில் நானும் அதில் இருந்தேன். தலைவர் திவான் அருமைநாயகம்.

"மன்னன்னு இருக்கு. பொம்பளை வந்தா மன்னியா?" என்றார் திவான்.

"மன்னின்னா சில வீட்டுல அண்ணன் பெண்டாட்டி" என்றேன்.

"ராணி?"

"அது ராஜா பெண்டாட்டி."

"கோமகள்?"

"ராஜா மக. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒண்ணு பெண்டாட்டி, இல்லன்னா மகளாத்தான் இருக்கு, திவான்வாள். தானாவே ஆளுத பொம்பளைக்குச் சொல் வேணும்னா புதுசாத்தான் செய்யணும்."

உலகநாச்சி அதுவரை ஒரு மூலையில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "கோன்ங்கிறதுல இருந்து அந்த 'ன்'னை எடுத்துருங்க. கோ. ஆம்பளைக்கும் ஆச்சு, பொம்பளைக்கும் ஆச்சு" என்றாள்.

"பசுவுக்கும் ஆச்சு" என்றார் திவான். "கோ வருதுன்னு இவரு கூவினா சனம் அகத்திக்கீரையை நீட்டும், தாயி."

"நீட்டட்டும். கீரை நல்லதுதான்."

கோ என்றே தீர்மானமாயிற்று. அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு தீவிலிருந்து செய்தி வந்தது. அங்கேயும் மூத்த பிள்ளைக்குப் பட்டம் என்று சட்டம் வந்திருந்தது. அங்கத்திய ராஜா மறுவாரமே குளிர்ப்பெட்டியில் இருந்த ஆண் கருக்களை மட்டும் எடுத்து வரிசையாகப் பிறக்க வைத்துவிட்டார். பெண்களுக்கு முறை வந்தபோது மின்சாரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். மூத்த பிள்ளை ஆண். சட்டமும் மீறப்படவில்லை.

உலகநாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வந்தாள். 'மூத்தவர் என்பது பிறந்த வரிசைப்படி அன்று, கருவான வரிசைப்படி.' பெட்டியில் ஒதுக்கிவைத்துப் பெண்களை இளையவர்கள் ஆக்கும் வேலை இனி நடக்காது என்றாள். ராஜா அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பெட்டியில் 'அ' இருப்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. சுவர் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதில்தான் கவனம் இருக்கும்.

அடுத்த வருஷம் ராஜா மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார், எழுந்திருக்கவில்லை. பௌர்ணமிக்குப் பதினோரு நாள் இருந்தது. காரியங்கள் முடிந்ததும் எல்லோரும் பட்டோலை முன்னால் போய் நின்றோம். முப்பத்தெட்டு வயதில் உலகநாச்சி முதல் தடவையாகப் பட்டுச் சேலை கட்டி நான் பார்த்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள், உள்ளங்கையைப் பதிய வைப்பதற்காக.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "மூத்தவர் யார்?"

"கருவான வரிசையில் முதலாவது, அ" என்றது பட்டோலை. "பால், பெண். இருப்பிடம், குளிர்ப்பெட்டி. நிலை, இன்னும் பிறக்கவில்லை. கோ வாழ்க."

யாரும் வாழ்க சொல்லவில்லை. ரணகேசரி அக்காவைப் பார்த்தார். அவள் துடைத்து வைத்திருந்த கையைச் சேலையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கதவை யாரு திறக்க?" என்று கேட்டாள்.

திவான் தொண்டையைச் செருமினார். சட்டப் புத்தகத்தில் ஓர் இடத்தில் ஏற்கனவே விரலை வைத்திருந்தார். "நாப்பத்தேழாம் பக்கம், அடிக்குறிப்பு. கோ இல்லாத காலத்துல, அல்லது கோ வர இயலாத நிலையில, நெருங்கிய ஆண் உறவினர் காப்பாளரா இருப்பார்."

"ஆணா? எல்லாத்தையும் மாத்தினோம்லா?"

"மேல உள்ளதை எல்லாம் மாத்தினோம், தாயி. அடிக்குறிப்பு சின்ன எழுத்துல இருந்துச்சு. குழுவுல எல்லாரும் வயசானவங்க."

"அக்கா, எனக்குக் கதவு வேண்டாம்" என்றார் ரணகேசரி. "ஈரக் கையால நூல் புடிக்க முடியாது."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், இளவரசே. கையை மட்டும் குடுங்க. என்னிக்குத் திறக்க, எப்ப மூடன்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றார் திவான். அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது.

"எத்தனை காலத்துக்கு?" என்று உலகநாச்சி பட்டோலையைக் கேட்டாள்.

"கோ பிறந்து பதினெட்டு வயது நிறையும் வரை."

"பிறக்கலன்னா?"

"பிறக்கும் வரை."

திவான் முகத்தில் அடக்கமான ஒரு திருப்தி தெரிந்தது. குளிர்ப்பெட்டி நல்ல பெட்டி. நூறு வருஷம் தாங்கும்.

அன்று பிற்பகல் உலகநாச்சி குளிர்ப்பெட்டி இருக்கும் அறைக்குப் போனாள். கோ இருக்கும் இடத்துக்கு யார் போனாலும் கட்டியக்காரன் கூடப் போக வேண்டும் என்பது விதி. பெட்டி முன்னால் நின்று பதினேழு பட்டங்களையும் சொன்னேன். பெட்டி உறுமிக்கொண்டே கேட்டது.

அவள் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு சிறிய அறை இருந்தது. அதை நெம்பித் திறந்தாள். உள்ளே நான்காக மடித்த ஒரு பழைய தாள். பிரித்துப் படித்தாள். நாலு வரிதான் இருக்கும், ஆனால் நெடுநேரம் படித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"என்ன தாள், நாச்சியாரம்மா?"

"பெட்டிக்கு உத்தரவாதச் சீட்டு" என்றாள்.

"இன்னும் செல்லுமா?"

"செல்லும்போலத்தான் இருக்கு" என்று சொல்லி, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பெட்டியின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ஒன்றும் தெரியாது, புகை மட்டும்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டியக்காரரே, பட்டோலைகிட்டப் போவோம்" என்றாள்.

பட்டோலை முன்னால் திவான் இன்னும் இருந்தார். ரணகேசரியின் கையைக் கழுவ வெந்நீர் வந்துகொண்டிருந்தது.

"வயித்துல இருக்க ராஜாவுக்கு யாரு காப்பாளர்?" என்று கேட்டாள்.

"விதி பன்னிரண்டு" என்றது பட்டோலை. "வயிற்றில் உள்ள அரசருக்கும், பாலகரான அரசருக்கும், சுமக்கும் அல்லது சுமந்த தாயே காப்பாளர்."

"சுமக்கிறவ யாரா இருக்கணும்னு போட்டிருக்கா?"

"இல்லை."

"தங்கச்சியா இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

பட்டோலை கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. நான்கு தலைமுறையில் அது யோசித்து நான் கேள்விப்பட்டதில்லை. "அப்படி ஒரு தடை எழுதப்படவில்லை" என்றது.

திவான் எழுந்தார். "தாயி, என்ன பேசுதிய. அது உங்க கூடப் பிறந்தது."

"இன்னும் பிறக்கலையே, திவான்வாள்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நனையாம நின்னு சிரிக்கட்டும்."

ராஜா போன ஒன்பதாம் நாள் கருவை வைத்தார்கள். பௌர்ணமி அன்று காலை பட்டோலை அவளை 'வயிற்றில் உள்ள கோவின் தாய்' என்று பதிந்துகொண்டது. அவள் போய்க் கையை வைத்தாள். கதவு திறந்தது. தண்ணீர் வெளியேறுவதை ரணகேசரி சுவர்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காத்தாடியில் அன்றைக்கு வால் கொஞ்சம் நீளமாக இருந்தது.

அந்தப் பத்து மாதமும் எனக்குத்தான் சிரமம். அவள் அவைக்கு வரும்போதெல்லாம் உள்ளே இருப்பவருக்குப் பதினேழு பட்டம் சொல்ல வேண்டும். அவள் இட்லி சாப்பிட உட்கார்ந்தாலும் சொல்ல வேண்டும். "பராக் வேண்டாம், கட்டியக்காரரே. கேட்டு உள்ளே உதைக்கா" என்பாள்.

குழந்தை பிறந்தது. அம்மங்கை என்று பெயர் வைத்தாள். அ-வில் தொடங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை இருந்ததாகத் தெரியவில்லை.

நம்முடைய பாஷையில் ஒரு சங்கடம் உண்டு. கூடப் பிறந்தவர் என்று மொட்டையாக யாரையும் கூப்பிட முடியாது. அக்காவா தங்கச்சியா என்று முதலிலேயே தீர்த்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். பட்டோலைக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. 'கோவின் தாயும் தங்கையுமான உலகநாச்சி' என்றே எல்லா ஓலையிலும் எழுதியது. குழப்பமெல்லாம் மனுஷர்களுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, 'காப்பாளர், மாணவிக்கு என்ன முறை' என்ற கட்டத்தில் இரண்டையும் எழுதினார்கள். தலைமையாசிரியை இரண்டு பேரையும் அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ரணகேசரியை அந்தப் பிள்ளை 'தம்பி மாமா' என்று கூப்பிட்டது. அவர் அதற்கு முன்னால் மண்டியிட்டு, "சொல்லுங்க அக்கா, நீலமா, சிவப்பா?" என்று கேட்டுக் காத்தாடி ஒட்டிக் கொடுப்பார்.

ஏழு வயதில் ஒரு நாள் காலை, பல் விளக்கச் சொன்னதற்கு அம்மங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நான் உனக்கு அக்கா. பட்டோலையே சொல்லிருக்கு. மரியாதையாப் பேசு."

"சரிங்க அக்கா" என்றாள் உலகநாச்சி. "போய்ப் பல்லு விளக்குங்க. இல்லன்னா தங்கச்சி முதுகுல ஒண்ணு வைப்பா."

கோவை அடிப்பது ராஜத் துரோகம். தாய் அடித்தால் கணக்கில்லை. அந்த வாரத்தில் அவள் கொடுத்த இரண்டு அடியும் எந்தக் கையால் விழுந்தது, தங்கை கையாலா, தாய் கையாலா என்று திவான் பிள்ளையைக் கேட்டார். "வலது கையால" என்றது பிள்ளை. திவான் அதோடு ஓய்வு கேட்டுவிட்டுக் கரைக்குப் போய்விட்டார்.

பதினெட்டு வருஷத்தில் உலகநாச்சி நானூற்றுச் சொச்சம் தடவை கதவைத் திறந்து மூடியிருப்பாள். ஒரு தடவைகூட வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. சுவரை இரண்டு ஆள் உயரம் ஏற்றினாள். சுவரின் உள்பக்கத்தில் ஆண்டவர்கள் பெயரெல்லாம் வெட்டியிருக்கிறது. காப்பாளர் பெயரை வெட்டும் வழக்கம் கிடையாது. அம்மங்கையைச் சேற்றுக்கு அழைத்துப் போனாள், காற்றையும் அலையையும் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணும் தலைக்கவசத்தோடுதான் வளர்ந்தது.

பட்டாபிஷேகம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. விதி இதுதான். முதலில் பட்டோலை காப்பாளரின் உள்ளங்கையை அழிக்கும். பிறகு கோவின் உள்ளங்கையைப் பதியும். அடுத்து, கோவுக்கு இளையவர்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

காலைப் பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு வயோதிகர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். கரையிலிருந்து வந்திருந்தார். பொங்கலில் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டே, "நாந்தான் திருமேனிநாதன்" என்றார்.

"ஆ-வை ஆண்னு படிச்ச டாக்டரா?"

"அதேதான். அறுபது வருஷமா எம்பேரு அதுதான்." மிளகை எண்ணிப் பார்த்தார். "சின்ன அம்மாவுக்குப் பட்டம்னு கேள்விப்பட்டுப் பாக்க வந்தேன். அவங்களுக்கு எப்படி முதல் உரிமைன்னுதான் எனக்கு இன்னும் விளங்கலை."

"அவங்க அ. அதான் முதல்."

"அ-ன்னா முதல்னு யாருய்யா சொன்னது?"

"பின்னே?"

"மூணையும் ஒரே நாள், ஒரே மணிநேரத்துல ஒரே தட்டுல செஞ்சது. அதுல ஏது முதல், ரெண்டாவது? அந்த எழுத்து வரிசை எண்ணு இல்ல. பெரிய டாக்டர் சுருக்கமா எழுதுவார். பெட்டியில ஒரு தாள் உண்டு. தப்பு தெரிஞ்ச அன்னைக்கு அதை என் மூஞ்சியில விட்டெறிஞ்சாவோ. அதனால வரிவரியா ஞாபகம் இருக்கு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"இ-ன்னா இளவரசர். ஆ-ன்னா ஆராய்ச்சிக்கு."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "அ?"

"அகற்றவும்" என்றார் டாக்டர். "கீழே மகாராஜா கையெழுத்து. எனக்குப் பிறகு வந்தவன் தாளைப் பாக்காம, அ-ன்னா முதல்தரம்னு நினைச்சு நல்லாப் பாத்துக்கிட்டான்போல. நான் படிச்சதைவிட அவன் படிச்சது பெரிய தப்பு. அவனுக்கு ஓய்வூதியம் குடுக்காவோ."

கை கழுவிவிட்டு நேரே உலகநாச்சியிடம் போனேன். அவைக்குப் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதே பட்டுச் சேலை. தலை நரைத்திருந்தது. வலது உள்ளங்கையை இடது கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கால் மணிநேரத்தில் அந்தக் கைக்குக் கதவு திறக்காது.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வரிசை தெரியலன்னா பிறந்த வரிசைதான் செல்லும், நாச்சியாரம்மா. விதி அப்படித்தான். நீங்கதான் மூத்தவங்க. பட்டம் உங்களுது. அன்னைக்கே உங்களுது. அந்தத் தாள் மட்டும் கிடைச்சா இப்பக்கூட—"

"அது சுவர்ல பதினேழாம் தூணுக்குள்ள இருக்கு" என்றாள். "சிமெண்டு ஊத்தும்போது போட்டுட்டேன். நல்ல தூண்."

நான் உட்கார்ந்துவிட்டேன். ராஜகுலத்தார் முன்னால் கட்டியக்காரன் உட்காரக்கூடாது.

"உத்தரவாதச் சீட்டுன்னியளே."

"உத்தரவுச் சீட்டு. ஒரு எழுத்தைக் கூடச் சொன்னேன்." சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "அப்பா கையெழுத்துய்யா. ராஜா கையெழுத்து ராஜா செத்தாலும் சாகாதுன்னு விதி இருக்குல்லா. பட்டோலைகிட்ட அதைக் காட்டினா எனக்குப் பட்டம். அடுத்த வரியை அது என்ன செய்யும்? அன்னைக்குச் சாயங்காலமே அகற்றிப்புடும். அதுக்கு எழுதினதைச் செய்யத்தான் தெரியும்."

வெளியே மேளம் ஆரம்பித்தது.

"எனக்குக் கதவுதான் வேணும்னு இருந்துச்சு. பட்டமும் வேணும்னு இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தப் புகையைப் பாத்துக்கிட்டே நின்னேன். நானே ஆராய்ச்சிக்கு ஒதுக்கின ஆளு, கட்டியக்காரரே. ஒருத்தர் தப்பாப் படிச்சதாலதான் பிறந்தேன். அவளையும் ஊரு தப்பாவே படிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"பல்லு விளக்கச் சொன்னதுக்கே பட்டோலையைச் சாட்சிக்கு இழுத்தவ. அவகிட்டப் போய்ச் சொல்லுவாங்களா." எழுந்தாள். "மூச்சைப் பாத்துக்கிடுங்க. இன்னைக்குப் பதினேழும் வேணும்."

பதினேழையும் சொன்னேன். ஆண் விகுதிகள் எல்லாம் போய், அலை தடுத்த, உப்பு விளைத்த என்று மொட்டையாக வந்த பட்டங்களைச் சொல்லிக்கொண்டே போய், கோ வருகிறார் பராக் என்று முடித்தேன். யாரும் அகத்திக்கீரை நீட்டவில்லை.

பட்டோலை உலகநாச்சியின் கையை அழித்தது. அதற்குச் சத்தம் எதுவும் கிடையாது. அவள் கையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அம்மங்கையின் கையைப் பதிந்தது. அதற்கு மணி உண்டு. பிறகு, "இளையவர்கள் மூத்தவரை வணங்கலாம்" என்றது.

உலகநாச்சி, ஐம்பத்தேழு வயதில், முழங்கால் வலியோடு முன்னால் வந்து குனிந்தாள். அதே நேரத்தில் சிம்மாசனத்திலிருந்து அம்மங்கை இறங்கி, அம்மா காலைத் தொடக் குனிந்தது. இரண்டு பேரும் வேகமாகத்தான் குனிந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. கிரீடம் கழன்று ரணகேசரியின் காலடியில் போய் நின்றது.

அம்மங்கை நெற்றியைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தது.

"இன்னொரு தடவை முட்டணும்மா" என்றது. "இல்லன்னா கொம்பு முளைக்கும்."

"இத்தனை பேரு முன்னாலயா?"

"முட்டு."

முட்டிக்கொண்டார்கள், மெதுவாக. இரண்டாவது தடவை தலைகள் உடனே பிரியவில்லை.

பட்டோலை என்னைக் கேட்டது. "முதல் முட்டல், இருவரும் வணங்கியதால் ஏற்பட்டது என்று பதியப்பட்டது. இரண்டாவது எந்த விதியின் கீழ்?"

நான் நாற்பது வருஷம் அந்த அவையில் பொய் சொன்னதில்லை. மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவந்தேன். "பழைய வழக்கம்" என்றேன்.

"பதியப்பட்டது" என்றது பட்டோலை.

பதிந்ததை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். திட்டைத் தீவில் இப்போது யார் பட்டத்துக்கு வந்தாலும், மூத்தவரும் இளையவரும் எதிரெதிரே நின்று இரண்டு தடவை தலையை முட்டிக்கொண்டால்தான் கதவு திறக்கும். கரையிலிருந்து வரும் அறிஞர்கள் இதன் உட்பொருள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஏன் இரண்டு தடவை என்று பட்டோலையையே கேட்டால், கொம்பு முளைக்கும் என்று சொல்லும்.